பாதிதான் ஓடும் என்று சொன்னவர்

போர்வெல் வண்டியில் இடது கை மோதிர விரல் போன பிறகு, எட்டாவதோடு நின்ற படிப்புக்கும் மிச்சமிருந்த விரல்களுக்கும் ஸ்டியரிங் பிடிக்கிற வேலைதான் சரிப்பட்டது. லாரி, மீன் வேன், கல்யாண வாடகைக் கார் என்று பல ஊர்களில் ஓட்டினேன். எங்கேயும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை. யாரும் விரட்டியதில்லை. ஒரு காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், அவ்வளவுதான். அப்படிக் கிளம்பி வந்து பூவத்தில் அக்கா வீட்டில் சும்மா கிடந்த நாட்களில், காரைக்காலில் ஒரு வீட்டுக்கு ஓட்டுநர் தேடுகிறார்கள் என்று பெட்ரோல் பங்கில் ஒருவர் சொன்னார். மின்சாரக் கார், பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அதுவரை அப்படி ஒரு காரின் கதவைக்கூடத் திறந்ததில்லை.

தலத்தெரு போகிற வழியில் காம்பவுண்டுச் சுவர் வைத்த வீடு. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மட்டும் இருந்தார். மகள் சிங்கப்பூரில். மகன் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, ஊரில் பெயிண்டும் குழாயும் விற்கிற கடை வைத்திருந்தார். நான் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், ஒரு விடிகாலையில் தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டார். கார் அவருடையது.

அவர் இறந்தது இந்த வீட்டில் அல்ல. இந்தக் கரையின் பழைய முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார். பெற்ற தாயின் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். அவருடைய மனைவி வீடு ஊருக்குள் ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்தில் கார் நுழையாது. தாய் வீட்டில் கார் நிறுத்த இடமும் சார்ஜ் போடத் தனி பிளக்கும் இருந்தன. அதனால் ஆள் அங்கே தூங்கினார், கார் இங்கே தூங்கியது. தினமும் பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு, கடையை ஆளிடம் விட்டுவிட்டு இங்கே வருவார். காரைச் சார்ஜில் போடுவார். தாயோடு உட்கார்ந்து பேசுவார், இருப்பதைச் சாப்பிடுவார், பிறகு நடந்து மனைவி வீட்டுக்குப் போவார். காலையில் நடந்து வந்து காரை எடுப்பார்.

அவர் இறந்த காலையிலும் கார் இங்கே ஒயரோடு நின்றது. முழுக்க ஏறியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. அந்த அம்மா மட்டும் தினமும் மஃரிபுக்குப் பிறகு வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, படுக்கப் போகும்போது அணைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் விட்டாலும் வண்டி நின்றுபோகும் என்று மகன் சொல்லியிருந்தாராம்.

முதல் நாள் உட்கார்ந்தபோது எனக்குக் கால் சரியாக எட்டவில்லை. அவர் என்னைவிட உயரமான ஆள். சீட்டை முன்னால் தள்ளக் கையைக் கீழே விட்டேன். அந்த அம்மா வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டேன். அன்று முழுக்க நுனிக்காலால் ஓட்டினேன். உடைந்த சீட்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து லாரி ஓட்டியவனுக்கு இது ஒரு சிரமமில்லை.

உடம்பை உலுக்கியது வேறு. பெடலிலிருந்து காலை எடுத்தால் மற்ற வண்டிகள் பாட்டுக்கு உருளும். இது உருளவில்லை. காலை எடுத்த அந்த இடத்திலேயே, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பிரேக்கை மெல்ல மிதித்த மாதிரி இழுத்துப் பிடித்தது. நான் திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அது ஒரு ஏற்பாடு என்று பிறகு தெரிந்துகொண்டேன். கால் எடுக்கும்போதெல்லாம் ஓட்டத்தைத் திரும்பக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் வைத்துக்கொள்ளலாம். அவர் ஆக அதிகத்தில் வைத்திருந்தார். மாற்ற எனக்குக் கை வரவில்லை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு எண் எரியும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று சொல்கிற எண். அன்று அது இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது.

“அதை நம்பாதீங்க தம்பி. காட்டுறதுல பாதிதான் ஓடும். எம் புள்ள சொல்லும்” என்றார் அந்த அம்மா.

எனக்கு இது புதிதல்ல. முள் செத்த லாரிகளில் டீசல் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்த்து ஓட்டியிருக்கிறேன். முள்ளை நம்பி ஒடிசாவில் ஒரு காட்டு ரோட்டில் கிடந்து, க்ளீனர் வேலைக்கு வந்தவனோடு பச்சை மக்காச்சோளம் தின்றிருக்கிறேன். எண்ணை நம்பாதே என்று சொன்னால் உடனே நம்பிவிடுவேன்.

வேலை அதிகமில்லை. அந்த அம்மாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போவது, நாகூரில் அவர் தங்கை வீட்டில் விடுவது, படகு கரைக்கு வருகிற நேரத்துக்குத் திருவேட்டக்குடி போய் மீன் வாங்கி வருவது. பழைய பழக்கத்தில் விரட்டினேன். ஏசியை முழுசாக வைத்தேன். ஓடிய தூரத்தைவிட எண் வேகமாகக் குறைந்தது. சொன்னது சரிதான் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் திருவேட்டக்குடியிலிருந்து திரும்பும்போது ஒரு வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். ரோட்டை அடைத்துக்கொண்டு போனான். மீன் வாடைக்காக ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கியிருந்தேன். வழி முழுக்க ஊர்ந்தேன், காலை வைப்பதும் எடுப்பதுமாக. வீட்டுக்கு வந்து பார்த்தால் எண் பெரிதாகக் குறையவே இல்லை. ஓடிய தூரம்தான் குறைந்திருந்தது, சொல்லப்போனால் அதைவிடக் கொஞ்சம் கம்மியாக. மறுநாளும் அப்படியே ஓட்டிப் பார்த்தேன். எண் பொய் சொல்லவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்தது. தினமும் காலையில் அந்த அம்மா கார் பக்கம் வந்து, முழு சார்ஜில் என்ன காட்டுகிறது என்று பார்ப்பார். நான் வந்த பிறகு அது இருநூற்று ஐம்பதுக்கு இறங்கியிருந்தது. ஏன் குறைச்சலாகக் காட்டுகிறது, வண்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். வண்டிக்கு வரப்போகிற ரோடு தெரியாது. கொஞ்ச நாளாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்று பார்த்து, இதே மாதிரி ஓட்டினால் இவ்வளவு போகலாம் என்று சொல்கிறது. முன்னால் பார்க்கிற மாதிரி இருந்தாலும் அது பின்னால்தான் பார்க்கிறது.

அவர் குனிந்து எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். “அப்ப முந்திக் காட்டுனது எம் புள்ள ஓட்டுனதா?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“அதை அழிச்சிட்டீங்களே தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாமான் எங்கோ இடம் மாறிப்போனதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்கே நிம்மதி இல்லை. ஏசி கிடையாது. அரசலாற்றுப் பாலம் கண்ணில் படும்போதே காலை எடுத்துவிடுவேன். சிக்னலுக்கு வெகுதூரம் முன்னால் வண்டியை அதன் பிடியில் விட்டுவிடுவேன். பிரேக் பெடல் என்று ஒன்று இருப்பதையே மறக்க வேண்டும். எண் மெல்ல ஏறியது. ஏற ஏற, பார்த்தே இராத ஒரு ஆளின் பொறுமை என் காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதுகூட மெதுவாக மென்றேன். அக்கா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இந்த ஆளுக்கு ஏன் எங்கேயும் அவசரமே இருந்ததில்லை என்று படுத்தபடி யோசிப்பேன். அவசரமில்லாத மனுஷனை நான் அதுவரை கண்டதில்லை.

எண் பழைய இடத்துக்குக் கிட்டே வந்த ஒரு சாயங்காலம், அந்த அம்மா வழக்கம்போல சுவிட்சைப் போட வந்தார். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. இதுக்கு ஏம்மா தினம் வர்றீங்க, அவர் ஓட்டின ஓட்டத்துக்கு வாரத்துக்கு ஒரு தடவை போட்டாலே தாராளம் என்றேன்.

அவர் கை சுவிட்சிலேயே நின்றது. தினமும் போடணும்னு எம் புள்ள சொல்லுச்சே என்றார். தேவையே இல்லை என்றேன். நல்லாத் தெரியுமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். முழு தூரமும் ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்தால்தான் அடித்துச் சொல்ல முடியும் என்றேன். அவர் சுவிட்சைப் போடாமலே உள்ளே போனார். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் வர வேண்டிய அவசியமில்லாமல் தினமும் வந்திருக்கிறார் மகன்.

அதை அந்த அம்மா மருமகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னாரோ. மருமகளுக்கு இத்தா காலம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருப்பது அவர்கள் முறை. மறுநாள் அவர் எனக்குப் போன் செய்தார். முப்பத்தைந்து வயது இருக்கும் குரல்.

“அண்ணே, மாமிகிட்ட என்ன சொன்னீங்க?”

சொன்னதைச் சொன்னேன். அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். கணவர் அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்: எண் பொய், பாதிதான் ஓடும், தினமும் உம்மா வீட்டில் போட்டாக வேண்டும். சந்து முனையில் இருக்கும் தன் தகப்பனார் கடைக்கு வெளியே பிளக் வைத்துத் தரட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். எலெக்ட்ரீஷியனே வந்து பார்த்து முடியும் என்றிருக்கிறார். அந்த லைன் தாங்காது என்று கணவர் மறுத்துவிட்டார். பாண்டிச்சேரிக்குக்கூட அவர் காரை எடுத்ததில்லை, திரும்பி வராது என்று பஸ்ஸில்தான் போவார்.

“நான் நம்புனேண்ணே. பாவம், ஒரு பாழாப்போன வண்டிக்காக தினம் அலையுறார்னு நெனச்சேன். சாயங்காலம் புள்ளைங்க அவரைத் தேடும். கரண்டு ஏறணும்மா, அத்தா வந்துடுவாங்கன்னு சொல்லிச் சமாளிப்பேன்.”

கடையைத் தன் பேருக்கு மாற்ற அவர் பாண்டிச்சேரி ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் காரிலேயே போவோம், மாமியும் வரட்டும் என்றார்.

போய்த் திரும்புகிற தூரம், மகன் கடைசியாக விட்டுப்போன எண்ணுக்குக் கொஞ்சம் உள்ளேதான் வரும். இடையில் சார்ஜ் ஏற்றாமல் திரும்பிவிட்டால் அவர் இரண்டு வீட்டிலும் பொய் சொல்லியிருக்கிறார். தாய்க்கு அது வேண்டும். வராமல் வழியில் நின்றால் அவர் சொன்னது உண்மை. மனைவிக்கு அது வேண்டும். இதை யாரும் வாய் திறந்து பேசவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. எது உண்மையாக வேண்டும் என்பது என் வலது காலில் இருந்தது.

ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு விடிந்ததும் கிளம்பினோம். மருமகளைச் சந்து முனையில் ஏற்றிக்கொண்டோம். இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள், நடுவில் பையை வைத்து. பூவம் தாண்டுவதற்குள் மருமகள், ஏசி போடுங்கண்ணே, புழுங்குது என்றார். போட்டேன். தரங்கம்பாடியில் அந்த அம்மா, ஏசி எனக்கு முழங்காலைக் குத்துது, கண்ணாடியை இறக்குங்க தம்பி என்றார். இறக்கினேன். சீர்காழியில் தூசி வருது என்று திரும்ப ஏசி. சிதம்பரத்தில் திரும்பக் கண்ணாடி. சிரிக்க வேண்டிய விஷயம்தான். யாரும் சிரிக்கவில்லை. முன்சீட்டு இரண்டுக்கும் இடையில் எண் தெரிந்தது, இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தபோது, திரும்பிப் போக வேண்டிய தூரமும் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. நீங்கள் ஆபீசில் இருக்கிற நேரத்தில் சார்ஜ் ஏற்றி வைக்கட்டுமா, இடம் பக்கத்தில்தான் என்றேன். அந்த அம்மா வேறு பக்கம் பார்த்தார். வேண்டாம்ணே என்றார் மருமகள்.

உச்சி வெயிலில் திரும்பினோம். வெயிலுக்கு ஏசி இல்லாமல் முடியவில்லை. மாமியும் இந்த முறை முழங்காலைப் பற்றிப் பேசவில்லை, களைத்திருந்தார். கடலூர் தாண்டியபோது எண் தூரத்துக்குக் கீழே போய்விட்டது. சிதம்பரத்தில் இன்னும் கீழே. வழியில் ஓட்டல்களில் சார்ஜ் போடுகிற இடம் உண்டு, நின்றுபோவோம் என்ற பயம் இல்லை. ஆனால் அங்கே வண்டியைத் திருப்பிவிட்டால் கதை முடிந்தது.

கொள்ளிடம் பாலத்தின் மேல் மருமகள் நேராகக் கேட்டார், போய்ச் சேருமா என்று.

“இப்படியே போனா சேராதும்மா. ஏசியை நிறுத்திட்டு மெதுவாப் போனா சேரும்.”

பாலம் நீளம். கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பாலம் முடிந்து ரோடு இறங்கிய இடத்தில் மருமகள் தன் பக்கக் கண்ணாடியைத் தானே இறக்கினார்.

“ஏசிய நிறுத்திடுங்கண்ணே” என்றார்.

நிறுத்தினேன். வயல் காற்று சுடச்சுட உள்ளே வந்தது. வேகத்தைக் குறைத்தேன். லாரிகள் ஆரன் அடித்து முந்தின, ஒரு டவுன் பஸ் முந்தியது. அதன் கண்டக்டர் எட்டிப் பார்த்து, தள்ளி விடணுமா என்று கேட்டுவிட்டுப் போனான். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவரும் இப்படித்தான் மாமி. இதைவிட மெதுவாப் போவார். புள்ளைங்க எறங்கி நடக்குறோம் அத்தான்னு கேலி பண்ணும். இன்னும் மெதுவாக்குவார்.”

தாய் திரும்பி மருமகளைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத மகன். இன்னும் சொல்லும்மா என்பது போலப் பார்த்தார். மருமகள் சொல்லிக்கொண்டே வந்தார். காலை எங்கே எடுப்பார், முன்னால் ஆடு வந்தால் என்ன சொல்வார் என்று. அவர் சொல்லச் சொல்ல என் கால் அங்கங்கே தானாக எழுந்தது. சில இடங்களில் அவர் சொல்வதற்கு முன்னாலேயே எழுந்தது. எனக்குக் கழுத்தில் வியர்த்தது. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

பூவத்துக்கு முன்னால் எண் அணைந்தது. குறைந்து குறைந்து சைபருக்கு வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. எண் இருந்த இடத்தில் வெறும் கோடுகள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று வண்டி கைவிட்டுவிட்டது. அங்கிருந்து வீடு வரைக்கும் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அக்கா வீட்டுத் திருப்பத்தைக் கடந்தபோது, வாசலில் அவள் நிற்கிறாளா என்றுகூட நான் பார்க்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. அது ஓடுகிறதா, யாராவது தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று சொல்ல முடியாத மாதிரி ஓடியது.

காம்பவுண்டுக்குள் நுழைந்து நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. யாரும் இறங்கவில்லை.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். “உன்னை விட்டுட்டு வரணும்னு இல்லம்மா அது.”

“தெரியும் மாமி. என்கிட்ட சொல்லிட்டே வந்திருக்கலாம். நான் என்ன, போகாதீங்கன்னா சொல்லியிருக்கப் போறேன்.”

அந்த அம்மா, “சொல்லியிருப்பே” என்றார்.

மருமகள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். “ஆமா. சொல்லியிருப்பேன்” என்றார்.

இறங்கினார்கள். பாங்கு சொல்கிற நேரம். இருந்து சாப்பிட்டுப் போ என்று அந்த அம்மா சொன்னார். புள்ளைங்க தேடும் என்றார் மருமகள். ஆட்டோ பிடித்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நடந்து போகிறேன் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சுவரை ஒட்டினாற்போல, நேரமாகிவிட்டதைத் தெரிந்தவர் நடக்கிற நடையில் போனார்.

அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார். பிறகு என்னிடம், நான் ஒரு நாளும் கேட் வரைக்கும் வந்து பாத்ததில்ல, எம் புள்ளயும் அந்தப் பக்கமாத்தான் சுவரை ஒட்டி நடக்குமா தம்பி என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்ததே இல்லையேம்மா என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் சொன்னதை நம்பியதாகத் தெரியவில்லை.